பர்கர் கொடுத்தால் எத்தனை ஆத்துமா தேறும்?

பாளையங்கோட்டையில் இருக்கும் என் சித்தப்பா மிஷனரி ஊழியங்களுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர். வருகிற ஜெபக் கடிதங்களை எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி பீரோவில் வைத்திருப்பார். கலிபோர்னியாவில் நான் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளிக்கிழமை நடுராத்திரி குடித்துவிட்டுத் தெருவில் திரியும் காலேஜ் பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் சபை இலவசமாகப் பர்கர் சுட்டுக் கொடுக்கிறது என்று ஒருமுறை போனில் சொன்னேன். யார், எந்தச் சபை, எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. “சரிடே, எத்தன பேரு இரட்சிக்கப்பட்டாங்க?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி நியாயமானதுதானா என்றும் தெரியவில்லை. பேச்சு அப்படியே அவருடைய சர்க்கரை அளவுக்குப் போய்விட்டது. எனக்குள் மட்டும் அது முடியவில்லை.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் எல்லோரும் அந்தக் கணக்கில் வளர்ந்தவர்கள்தான். கன்வென்ஷன் முடிவில் கண்ணை மூடச் சொல்வார்கள், பாட்டு மெதுவாக ஓடும், இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்களைக் கை தூக்கச் சொல்வார்கள். மேடையில் ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார். அடுத்த மாதக் கடிதத்தில் அந்த எண் வரும். காலேஜில் இ.யூ. என்ற கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் கொஞ்சம் வேறு மாதிரி. இந்த ஐக்கியங்களின் தேசிய அமைப்பான யு.இ.எஸ்.ஐ. 1954-இல் தொடங்கியதிலிருந்து ஹாஸ்டல் ஹாஸ்டலாக வேர் விட்ட இயக்கம் அது. மேடை கிடையாது, ஒரு அறை, ஒரு கிட்டார், கொஞ்சம் டீ. காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவரும் சீனியர் அண்ணன்தான் அங்கே ஊழியக்காரர். அதனால் அந்தப் பர்கர் கொடுக்கும் ஊரான இஸ்லா விஸ்டாவைப் பார்த்தபோது எனக்குள் இரண்டு அளவுகோலும் சேர்ந்தே வேலை செய்தன.

அந்த ஊர்

சான்டா பார்பரா பல்கலைக்கழகம் 1954-இல் பழைய மரைன் படை விமானத் தளம் ஒன்றுக்கு இடம் மாறியது. அதன் மேற்கு வேலியை ஒட்டி, கடலோர மேட்டின் மேல், நகராட்சி இல்லாமல், மேயர் இல்லாமல் வளர்ந்த குடியிருப்புதான் இஸ்லா விஸ்டா. 2010 கணக்கெடுப்பில் 23,096 பேர். பெரும்பாலும் மாணவர்கள், ஒரு வீட்டை எட்டு, பத்து பேர் பங்கு போட்டு இருப்பார்கள். கடலைப் பார்த்த தெரு டெல் பிளாயா. எல்லோரும் டி.பி. என்பார்கள். ‘பார்ட்டி’ என்ற சொல்லைக் கேட்டால் கலிபோர்னியாக்காரர்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தெருதான். மேட்டின் விளிம்பில் வீடு. பின்பக்க வேலியைத் தாண்டினால் நேரே கடற்கரைப் பாறை. போதையில் அங்கிருந்து விழுந்து செத்த பிள்ளைகள் உண்டு.

2009 வசந்தத்தில் காற்று நிரப்பிய மிதவைகளோடு கடற்கரையில் குடிக்கக் கூடியவர்கள் ஏறத்தாழ 12,000 பேர். அடுத்த வருடம் கடற்கரையை மூடினார்கள், கூட்டம் அப்படியே மேலே ஏறி டெல் பிளாயாவுக்கு வந்துவிட்டது. 2014 ஏப்ரலில் அது கலவரமாகி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அதே ஆண்டு மே 23 அன்று ஒருவன் கத்தியாலும் துப்பாக்கியாலும் ஆறு மாணவர்களைக் கொன்றான். 2001-இல் சபாடோ டார்டே தெருவில் ஒரு மாணவன் காரை ஓட்டிக் கூட்டத்துக்குள் விட்டதில் நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்காமல் ‘பார்ட்டி ஊர்’ என்று சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கூத்தும் சாவும் அங்கே ஒரே தெருவில்தான் குடியிருக்கின்றன.

இன்னொரு பழைய கதையும் இருக்கிறது. 1970 பிப்ரவரி 25 இரவு மாணவர்கள் அங்கிருந்த பேங்க் ஆஃப் அமெரிக்கா கிளையைக் கொளுத்தினார்கள். வியட்நாம் போர், விருப்பமான ஆசிரியர் ஒருவருக்கு வேலை நீட்டிப்பு மறுக்கப்பட்டது, போலீஸ் அடி என்று பல கோபங்கள் ஒன்றாகச் சேர்ந்த இரவு அது. ஏப்ரலில் மறுபடி கலவரம். வங்கியை எரிக்க வந்தவர்களைத் தடுக்கப் போன கெவின் மோரன் என்ற மாணவர் போலீஸ் குண்டு பட்டு இறந்தார். ஜூனில் ஊரடங்கு, பெர்ஃபெக்ட் பார்க்கில் உட்கார்ந்த நூற்றுக்கணக்கானோர் கைது. இந்தத் தீ அணைந்த சில வருடங்களிலேயே அங்கே நான் சொல்ல வரும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் கதையைப் படித்த பிறகுதான் சித்தப்பாவின் கேள்விக்கு எனக்குள் ஒரு பிடி கிடைத்தது.

கை தூக்கச் சொன்னவர்கள்

கேம்பஸ் குருசேட் என்ற மாணவர் ஊழிய இயக்கம் 1951-இல் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழக வளாகத்தில் பில் பிரைட் தொடங்கியது. ‘நான்கு ஆவிக்குரிய பிரமாணங்கள்’ என்ற சின்னக் கைப்பிரதி நம் ஊர் பஸ் ஸ்டாண்ட் வரை சுற்றியதே, அது இவர்களுடையது. முறை எளிது. விடுதிக்குப் போ, பேசு, கைப்பிரதியைக் காட்டு, கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஜெபத்தைச் சேர்ந்து சொல். எளிமையாக இருந்ததால் வேகமாகப் பரவியது. எண்ணவும் வசதியாக இருந்தது. 1967 ஜனவரியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் நூற்றுக்கணக்கான ஊழியர்களை இறக்கி, வளாகம் முழுவதும் பேசி, கடைசியில் கிரேக்க அரங்கம் என்ற அங்கிருந்த திறந்தவெளி அரங்கில் பிரபல சுவிசேஷகர் பில்லி கிரஹாமை நிறுத்தினார்கள். புரட்சி பேசிக்கொண்டிருந்த வளாகத்தில் ஆவிக்குரிய புரட்சிதான் தீர்வு என்று முழங்கினார்கள். அந்த வாரத்தின் முக்கியப் பேச்சாளர்களில் ஒருவர் ஜான் பிரான். குருசேட்டின் பெரிய நாவலர். மாணவர் கூட்டத்தைக் கட்டிப்போடும் ஆள்.

அந்த ஜான் பிரானும் பீட்டர் கில்குவிஸ்ட், ஜாக் ஸ்பார்க்ஸ், ரிச்சர்ட் பல்லூ, கார்டன் வாக்கர் முதலிய அவருடைய சகாக்களும் 1960களின் கடைசியில் குருசேட்டை விட்டு வெளியேறினார்கள். ஊழியத்தில் தோற்றுப்போய் அல்ல. அவர்களெல்லாம் இயக்கத்தின் மேல்மட்டத்தில் இருந்தவர்கள், எண்கள் நன்றாகவே இருந்தன. அவர்களை உறுத்தியது வேறு. குருசேட் ஒரு சபை அல்ல. ஒரு மாணவன் மனந்திரும்பினால் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது, திருவிருந்து கொடுக்க முடியாது, கல்யாணம் செய்துவைக்க முடியாது, செத்தால் அடக்கம் செய்யவும் முடியாது. பக்கத்தில் இருக்கும் நல்ல சபைக்குப் போ என்று சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த விடுதிக்குப் போக வேண்டும். புதிய ஏற்பாட்டைத் திறந்தால் அப்போஸ்தலர்கள் ஒவ்வொரு பட்டணத்திலும் சபையை விட்டுவிட்டுப் போகிறார்கள். நாம் எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதுதான் அவர்கள் கேள்வி. எனக்கு இந்த இடம்தான் முக்கியம். எண்ணிக்கை குறைந்து ஒருவர் சந்தேகப்படுவது சாதாரணம். எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே, எண்ணப்படுகிறவனுக்கு அடுத்த நாள் காலை என்ன ஆகிறது என்று கேட்டு நல்ல வேலையை விட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஸ்பார்க்ஸ். பென்சில்வேனியா அரசுப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மனிதர். எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவர்! 1969-இல் பெர்க்லிக்குக் குடிபோய், தாடி வளர்த்து, தோளில் வார் வைத்த கால்சட்டை மாட்டிக்கொண்டு, கிறிஸ்தவ உலக விடுதலை முன்னணி என்று இடதுசாரிக் குழு மாதிரியே பெயர் வைத்து, ‘ரைட் ஆன்’ என்று தெருப் பத்திரிகை நடத்தினார். வீடில்லாமல் வந்த பிள்ளைகளைத் தங்கவைத்தார்கள். வளாகத்து நீரூற்றிலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்தத் தாடியும் உடுப்பும் வேஷம்தானே என்று கேட்கலாம், அன்றைக்கே கேட்டார்கள். ஆனால் வேஷம் போட்டவர் வீட்டையும் அங்கேயே மாற்றிக்கொண்டார் என்பதால் நான் அவர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

தேடிப் போன சபை

1970களில் இந்தக் கூட்டத்தின் ஒரு பகுதி இஸ்லா விஸ்டாவிலும் அதை அடுத்த கோலீட்டாவிலும் குடியேறியது. வீட்டுச் சபைகள். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வீடு, சேர்ந்து சாப்பாடு, பிள்ளைகளைச் சேர்ந்து வளர்ப்பது. புதிய ஏற்பாட்டுச் சபையை அப்படியே மறுபடி கட்டிவிடலாம் என்று நினைத்தவர்கள், முதல் நூற்றாண்டுகளில் சபை எப்படித்தான் இருந்தது என்று படிக்க உட்கார்ந்தார்கள். வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: ஆராதனை ஸ்பார்க்ஸுக்கு, சரித்திரம் பிரானுக்கு, உபதேசம் பல்லூவுக்கு. படித்தது எல்லாம் வேதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது வாக்கருக்கு. பெந்தெகொஸ்தே மாதிரியோ பாப்டிஸ்ட் மாதிரியோ ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்துத் தோண்டினவர்களுக்குக் கிடைத்தது தூபவர்க்கம், பேராயர்கள், வரையறுத்த வழிபாட்டு முறை, ஒவ்வொரு ஞாயிறும் திருவிருந்து. முகம் சுளித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நம் ஊர் ஆவிக்குரிய கூட்டத்துக்காரர் ஒருவர் வருடக்கணக்கில் வேதம் படித்துவிட்டு, கடைசியில் ரோமன் கத்தோலிக்கப் பூசைக்குப் பக்கத்தில் போய் நின்றால் எப்படி இருக்கும்!

ஆனால் கண்டதை அவர்கள் மறைக்கவில்லை. 1979-இல் எவாஞ்சலிக்கல் ஆர்த்தடாக்ஸ் சபை என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்து, தங்களையே பேராயர்களாகவும் ஆக்கிக்கொண்டார்கள். 1985-இல் இஸ்தான்புல் போய், கிழக்கத்திய பழைய சபைகளான ஆர்த்தடாக்ஸ் உலகின் தலைமை பிதாப்பிதாவைப் பார்க்க முயன்றார்கள், பார்க்கவே விடவில்லை. அதே ஆண்டு இன்னொரு ஆர்த்தடாக்ஸ் சபையான அந்தியோகியாவின் பிதாப்பிதா அமெரிக்கா வந்தபோது கதவு திறந்தது. 1987-இல் அந்தச் சபையின் அமெரிக்கத் தலைவரான பெருநகரப் பேராயர் பிலிப் சலிபா அவர்களை ஏற்றுக்கொண்டார். ஏறத்தாழ 2,000 பேர், பதினேழு சபைகள். பேராயர் பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணக் குருக்களாகப் பட்டம் பெற்றார்கள். சிரியா, லெபனான் வம்சாவளியினர் நிறைந்த அந்தச் சபையில் கலிபோர்னியா மாணவர் ஊழியக்காரர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இஸ்லா விஸ்டாவில் முளைத்த கூட்டம் புனித அத்தனாசியஸ் பெயரில் ஒரு பங்குச் சபையாக நின்றது.

இதை வெற்றிக் கதையாகச் சொல்லிவிட முடியாது. வீட்டுச் சபைக் காலத்தில் மூப்பர்கள் மற்றவர்கள் வாழ்க்கையில் அளவுக்கு மீறி அதிகாரம் செலுத்தினார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. தொடக்கத்தில் இருந்த ஒருவர் 1978-இலேயே பிரிந்து போனார். பெர்க்லியில் ஸ்பார்க்ஸ் தொடங்கிய முன்னணி 1975-இல் அவர் போன பாதை பிடிக்காமல் உடைந்தது. கூடவே இருக்க வேண்டும் என்று வருகிறவன் கூடவே ஆளவும் ஆரம்பித்துவிடுவது நமக்குத் தெரியாததல்ல. இ.யூ. சீனியரிலும் அந்த வகை ஒருவர் எப்போதும் இருப்பார். எந்தப் பெண்ணோடு பேசலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்பது வரை அவருக்கு வெளிப்பாடு வரும்.

எனக்கு இதில் விசித்திரமாகப் படுவது வேறொன்று. மாணவர்களை மாற்ற வந்தவர்கள் இவர்கள். மாணவர்கள் நான்கு வருடத்தில் ஊரைவிட்டுப் போனார்கள், அடுத்த கும்பல் வந்தது, அதுவும் போனது. மாறினது வந்தவர்கள்தான். கூட்டத்தின் முடிவில் கை தூக்கச் சொன்ன பிரான், நாற்பது வயதுக்கு மேல் தானே ஒரு பேராயர் முன்னால் தலை குனிந்து எண்ணெய் பூசிக்கொண்டார். மாணவர் ஊழிய அறிக்கை எதிலும் இதற்கு ஒரு கட்டம் இருக்காது.

டெல் பிளாயாவில் வெள்ளிக்கிழமை

பர்கருக்கு வருவோம். ‘ஜீசஸ் பர்கர்ஸ்’ 2000களிலிருந்து நடக்கிறது. இஸ்லா விஸ்டா சர்ச் என்ற சபை டெல் பிளாயாவிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மாணவர்களையே குடிவைத்து, வெள்ளிக்கிழமை இரவுகளில் முன்வாசலில் அடுப்பு மூட்டுகிறது. நான் போன இரவு குளிர். நடைபாதை முழுக்கச் சிவப்புக் கோப்பைகள். பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் அதிர்ச்சியில் இந்த வீட்டு ஜன்னல் நடுங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் நிற்க முடியாமல் நின்றார்கள். எனக்கு முன்னால் நின்ற பையன் அடுப்பருகே இருந்தவரிடம், எதற்கு இலவசம், என்ன பிடியில் சிக்கவைக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். பிடி ஒன்றும் இல்லை, வெங்காயம் வேண்டுமா என்றார் அவர். அவன் வெங்காயம் வாங்கிக்கொண்டு போனான். அவ்வளவுதான் நடந்தது. செருப்பைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு பெண்ணை உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, தோழிகளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஜெபிக்கவா என்று சிலரிடம் கேட்டார்கள். சிலர் சரி என்றார்கள், ஒருவன் அழுதான், இன்னொருவன் ஜெபத்தின் நடுவே விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுப்பருகே நின்றவரிடம் நானும் சித்தப்பா கேள்வியை வேறு சொற்களில் கேட்டேன். அவர் யோசிக்காமல் சொன்னார்: இந்த நேரத்தில் இவர்கள் ‘ஆம்’ என்று சொன்னாலும் நான் அதை எடுத்துக்கொள்ள முடியாது, காலையில் இவர்களுக்கே நினைவிருக்காது. நான் வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். குருசேட்டை விட்டு வந்தவர்கள் வேதமும் சரித்திரமும் படித்துப் பல வருடம் அலைந்து வந்து சேர்ந்த இடத்துக்கு இவரை அந்தத் தெருவின் சாராயமே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. குடித்தவனிடம் ஒப்புக்கொடுத்தல் வாங்க முடியாது. நீதிமன்றத்திலும் செல்லாது, பரலோகத்திலும் செல்லுமா என்று தெரியவில்லை. அப்படியானால் டெல் பிளாயாவில் நடுராத்திரி ஒருவனுக்குச் செய்யக்கூடியது அவன் வயிற்றில் ஏதாவது போடுவதும், அவனைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்புவதும்தான். பதிலுக்கு எதுவும் வாங்க முடியாத இடத்தில் நின்று கொடுக்கிறார்கள். அவர்கள் திட்டம் போட்டு அப்படிச் செய்தார்களா, இடம் அப்படி ஆக்கிவிட்டதா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

இதில் எனக்கு முழு நிம்மதி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆளை எண்ணாவிட்டால் பர்கரை எண்ணுவார்கள். நன்கொடை கொடுக்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு எண் காட்டித்தான் ஆக வேண்டும். குடித்துச் சீரழிகிற பணக்கார நாட்டுப் பிள்ளைகள், நடுவே ஒரு வெளிச்ச வீடு என்ற படம் மேடையில் நன்றாக விலை போகும். அந்தப் பிள்ளைகளில் கல்விக் கடனில் மூழ்கினவன், வீட்டில் முதல் முதலாகக் காலேஜ் வந்தவன், குடிக்கப் பிடிக்காமலேயே தனிமைக்குப் பயந்து கூட்டத்தில் நிற்கிறவன் எல்லாரும் உண்டு. எல்லோரையும் ஒரே ‘இருளில்’ தள்ளிவிட்டால் பர்கர் கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவே ஒரு மேடை முளைத்துவிடும்.

அதோடு அந்த ஊருக்குத் தேவையாக இருந்தவற்றில் பலவற்றைச் செய்தது சபைகள் அல்ல. 1970 கலவரத்துக்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்ட முன்னாள் மாணவர்கள் கூட்டுறவு மளிகைக் கடை, மருத்துவ நிலையம், பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் பூங்கா மாவட்டம் என்று ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். 2016-இல்தான் வாக்கெடுப்பு நடத்தி ஊருக்கென்று ஒரு சேவை மாவட்டம், அதாவது நகராட்சி இல்லாத குறைக்கு ஒரு சின்ன உள்ளாட்சி அமைப்பு, கிடைத்தது. அதை நடத்த வரி போட 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான்கு வருடத்தில் வாக்காளரே மாறிவிடும் ஊரில் இதைச் சாதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். மாணவர் ஊழியம் மோதுகிற அதே பாறையில்தான் தெருவிளக்குக் கேட்டவர்களும் மோதினார்கள். செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும்போது ஆயிரக்கணக்கில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். போன வருடம் யார் விழுந்தார்கள், யார் பர்கர் சுட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சித்தப்பாவிடம் திருப்பிக் கேட்க எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இருபது வயதில் கை தூக்கினவர்கள் முப்பத்தைந்து வயதில் எங்கே இருக்கிறார்கள்? எந்த இயக்கத்தின் கடிதத்திலும் நான் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. என் இ.யூ. அறையில் கிட்டார் வாசித்தவர்களில் ஒருவர் மத்தியப் பிரதேசத்தில் ஊழியத்தில் இருக்கிறார், ஒருவர் துபாயில் இருந்துகொண்டு சபைப் பக்கமே போவதில்லை, மற்றவர்களைப் பற்றித் தகவல் இல்லை. குருசேட்டிலிருந்து போனவர்கள் என்ன ஆனார்கள் என்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர்களில் கில்குவிஸ்ட் போன்றவர்களுக்கு எழுதத் தெரிந்திருந்தது, அவர்கள் தலைவர்களாகவும் இருந்தார்கள். 1967-இல் பெர்க்லியில் கைப்பிரதியின் கடைசிப் பக்கத்து ஜெபத்தைச் சொன்ன மாணவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். அவர்களைத் தேடிப் போய் யாராவது கேட்டால் படிக்க நான் தயார்.